நான்காவது துளை

சுழல்கிற கம்பியால் சதுரமாகத் துளை போட முடியும் என்று நம்பியவர்கள் என் கணக்கில் இரண்டு பேர். ஒருவன் நான். மற்றவர் அந்த மெஷினை எனக்கு விற்றவர். அவர் பெங்களூரில் இருந்தார். ஆகவே பொம்மிடியைப் பொறுத்தவரை நான் தனி ஆள்.

எண்பதுகளில் பொம்மிடி ரயில் நிலையத்தின் சரக்குக் கொட்டகையில் எழுத்தராக இருந்தேன். எண்ணுவதுதான் வேலை. புளி மூட்டை, உர மூட்டை, மாங்காய்க் கூடை. எண்ணிப் பழகிய மூளை வீட்டுக்கு வந்த பிறகும் நிற்காது. தட்டில் விழும் இட்லியை எண்ணுவேன். என் மனைவிக்கு அது ஆகவே ஆகாது.

"வச்சவளுக்குத் தெரியாதாங்க எத்தனைன்னு? தின்னுட்டு எந்திரிங்க" என்பாள்.

மூளைக்குக் கொஞ்சம் மாறுதல் வேண்டும் என்றுதான் மரவேலை பழகினேன். எண்ணிக்கை அங்கேயும் கூடவே வந்தது. நான் செய்த முதல் ஸ்டூலில் நான்கு கால்கள், எட்டுத் துளைகள். எட்டும் எட்டுத் திசையைப் பார்த்தன. மரவேலையில் பலகையை அறுப்பதும் இழைப்பதும் எனக்கு ஓரளவு வந்துவிட்டது. ஒரு கட்டையின் நுனியை மெலிதாக்கி இன்னொரு கட்டையின் துளைக்குள் செருக வேண்டுமே, அந்த நுனிக்குக் கழுந்து என்று பெயர், அதுகூட வந்துவிட்டது. துளைதான் வரவில்லை. உளியை நேராக நிறுத்துவேன், மரச்சுத்தியலான கொட்டாப்புளியால் தட்டுவேன், பார்த்தால் துளை சாய்ந்திருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்த விருந்தாளிகள் எல்லோரும், ஏதோ அவசரம் வந்தவர்கள் போல, காப்பி முடியுமுன் எழுந்துகொண்டார்கள்.

அதனால்தான் பெங்களூரில் பழைய மெஷின்கள் விற்கும் தெருவில் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். பச்சை பெயின்ட் அடித்த, மேசைமேல் வைக்கக்கூடிய உருவம். மேலே மோட்டார். பக்கத்தில் அடிபம்புக்கு இருப்பதுபோல நீளமான கைப்பிடி. கீழே நான்கு பக்கமும் கூராகத் தீட்டிய ஒரு சதுரக் குழல், அதுதான் உளி. அந்தக் குழலின் உள்ளே திருகுபோல ஒரு கம்பி சுழலும். கம்பி நடுவில் உள்ள மரத்தைத் துருவி எடுக்கும். கைப்பிடியை அழுத்தும்போது சதுர உளி நான்கு மூலைகளையும் வெட்டிக்கொண்டு இறங்கும். விற்றவர் ஒரு கட்டையில் செய்து காட்டினார். நான் துளையின் மூலைகளை விரலால் தொட்டு எண்ணினேன். நான்கு இருந்தன.

ரயிலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தேன். கொட்டகையில் என்னோடு வேலை செய்தவர்கள் அதற்கு ஓட்டை மெஷின் என்று பெயர் வைத்தார்கள்.

"சார், சுத்துறது வட்டமாத்தானே சுத்தும்? சதுரமா எப்படிங்க சுத்தும்?"

"சுத்துறது வட்டமாத்தான் சுத்துது. வெட்டுறது வேற."

"அப்ப ரெண்டு ஓட்டையா?"

இதற்குமேல் விளக்கினால் மூட்டைக் கணக்கு தவறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அந்த மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே சுழலும் கம்பி, வெளியே உள்ள உளியின் வாயைவிட ஒரு துளி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரும்பும் இரும்பும் உரசி, புகை வரும். எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதற்கு விற்றவர் சொன்ன அளவு, ஒரு காசின் தடிமன். உளியை மாட்டும்போது இடையில் ஒரு காசைச் செருகி, கம்பியை முடுக்கி, பிறகு காசை உருவிவிட்டு உளியை மேலே தள்ளி இறுக்க வேண்டும். பல காசுகளைச் சோதித்து, விளிம்பு தேய்ந்த ஒரு பத்துப் பைசாவைத் தேர்ந்தெடுத்தேன். அதைச் செலவு செய்துவிடுவேனோ என்ற பயத்தில் சட்டையின் தனிப் பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் போகும்போது அந்தப் பையை அடிக்கடி தொட்டுப் பார்ப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் என்னிடம் பெரிய தொகை இருப்பதாக நினைத்திருக்கக்கூடும்.

எல்லாம் சரி, மெஷினை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். எங்கள் வீட்டில் பெரிய பிளக் ஒன்றுதான். அது சமையலறையை ஒட்டிய மூலையில், சிமென்ட் மேடைக்கு மேலே இருந்தது. அந்த மேடையும் அந்த பிளக்கும் என் மனைவி வாங்கப்போகிற கிரைண்டருக்காகக் காத்திருந்தவை. ஊரில் அப்போதுதான் வீட்டுக்கு வீடு மாவரைக்கும் கிரைண்டர் வர ஆரம்பித்திருந்தது. அவள் ஆட்டுக்கல்லில் கையால் அரைத்துக்கொண்டிருந்தாள். அந்த மேடைமேல் நான் ஓட்டை மெஷினைக் கொண்டுபோய் வைத்தேன்.

அவள் ஆட்டுக்கல்லை நகர்த்தி மெஷினுக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டாள். நான் மோட்டாரை ஓட்டும்போதெல்லாம் அவள் அங்கே உட்கார்ந்து குழவியைச் சுற்றினாள். அவள் சுற்றுகிற சுற்றை என்னால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. அதுதான் அவள் எதிர்பார்த்ததும்.

இந்த நேரத்தில் அரூர்ப் பக்கம் விவசாயம் செய்துகொண்டிருந்த அவளுடைய அண்ணன் வீடு கட்ட ஆரம்பித்தார். கடைக்கால் மேலே வந்ததும் தலைவாசலுக்கு நிலை வைக்க நாள் குறித்தார்கள். நிலையை நானே செய்து தருகிறேன் என்று வாயைவிட்டேன். மச்சான் முகம் போன போக்கைப் பார்த்த என் மனைவி உடனே ஒரு பேச்சு பேசினாள்.

"செய்யட்டும்ணா. நிலை ஆடாம அசையாம நின்னா மெஷின் அந்த மேடையிலயே இருக்கட்டும், நான் வாயத் தொறக்கல. ஆடுச்சுன்னா அந்த எடத்துக்குக் கிரைண்டர் வந்துரும். மெஷின் எங்க போவும்னு எனக்குத் தெரியாது."

"என் வூட்டு வாசலை வச்சா பந்தயம் கட்டுறீங்க?" என்றார் மச்சான்.

"நீ ஆட்டிப் பாத்துட்டுச் சொல்லுண்ணா. அது போதும்."

இப்படியாக என் மெஷினின் இருப்பிடம் மச்சானின் தோள்பட்டை பலத்தில் போய் நின்றது. அவர் கரும்பு வண்டியைத் தனியாகத் தள்ளக்கூடியவர்.

நிலைக்கு மரம் அவர் வயலில் நின்ற வேப்பமரம். அறுத்து, நான்கு துண்டுகளாக டயர் வண்டியில் அனுப்பினார். இரண்டு நிலைக்கால்கள், மேல் சட்டம், கீழே வாசற்படிக் கட்டை. கால்களின் நுனிகளில் கழுந்து. மேல் சட்டத்தில் இரண்டு துளை, கீழ்க் கட்டையில் இரண்டு. ஆக நான்கு துளைகள். என் உளி அரை அங்குலம்; அதை ஒருமுறை இறக்குவது ஒரு குத்து. மூன்று அங்குல நீளம், ஓர் அங்குல அகலத்துக்கு, வரிசைக்கு ஆறாக இரண்டு வரிசை. ஒரு துளைக்குப் பன்னிரண்டு குத்து, நான்கு துளைக்கு நாற்பத்தெட்டு. இதை நான் பலமுறை சரிபார்த்தேன்.

மரத்தைக் கையில் தொட்டபோது குளிர்ச்சியாக இருந்தது. கேட்டதற்கு மச்சான், "தொட்டித் தண்ணில ஊறப்போட்டு எடுத்தது மாப்ள. ஊறப்போட்டாத்தான் பூச்சி புடிக்காது" என்றார்.

"ஊறப்போட்டது சரிங்க மச்சான். காயப்போட்டீங்களா?"

"வண்டில வரும்போது வெயில்தானே."

அரூரிலிருந்து பொம்மிடிக்கு வருகிற வெயிலில் வேப்பங்கட்டை எவ்வளவு காயும் என்று எனக்குக் கணக்குத் தெரியவில்லை. மேலே தடவினால் காய்ந்திருந்தது. உள்ளே என்ன இருந்தது என்பது மரத்துக்கும் தொட்டிக்கும்தான் வெளிச்சம். நாள் குறித்தாகிவிட்டது, இனி என்ன செய்ய.

நிலை வைக்கிற நாளுக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று துளை போட உட்கார்ந்தேன். அதிலும் ஓர் ஏற்பாடு வேண்டியிருந்தது. எங்கள் வீட்டை ஒட்டி ஓர் அம்மாவின் தக்காளித் தோட்டம். வீட்டில் கன்னடம் பேசுகிறவர், எங்களோடு தமிழ். அவர் பம்புசெட் மோட்டாரைப் போட்டால் எங்கள் வீட்டு பல்பு விளக்குத்திரி போலச் சிவந்துவிடும். என் மெஷின் முனகிக்கொண்டு நிற்கும். அதனால் ரயில்வேக்காரன் புத்தியில் நான் ஒரு சிக்னல் வைத்திருந்தேன். வேலியில் சிவப்புத் துணி தொங்கினால் அவர் மோட்டாரைப் போடக்கூடாது. துணியை எடுத்துவிட்டால் போடலாம்.

அவர் இந்த ஏற்பாட்டை மதித்தார். ஆனால் பொறுமையாக மதிக்கவில்லை.

"சார், மோட்டர் போட்டுக்கட்டுங்களா?"

"துணி தொங்குதுங்களே."

"துணி காலையில இருந்து தொங்குது. என் தக்காளியும் தொங்குது."

"இன்னும் ஒரு துளைதாங்க."

"போன வாரமும் ஒரு துளைன்னீங்க. அது ஸ்டூலு. இப்ப என்ன, கோயில் கதவா?"

முதல் மூன்று துளைகளும் அழகாக வந்தன. ஈரத் தூள் குழலின் பக்கவாட்டுப் பிளவு வழியாகப் புழுங்கல் அரிசிச் சோறு போலக் கொத்துக் கொத்தாக வந்து விழுந்தது. அதுவே எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். காய்ந்த மரம் சுருள் சுருளாகப் பறக்கும். ஆனால் மூலைகள் நான்கும் நறுக்கென்று இருந்ததில் மனம் குளிர்ந்து, ஒவ்வொரு துளைக்குள்ளும் விரலைவிட்டுச் சுற்றிப் பார்த்துக்கொண்டேன். எதிரே ஆட்டுக்கல்லில் இருந்தவள் மாவை வழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பந்தயம் என் பக்கம் சாய்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

நான்காவது துளையில் எட்டாவது குத்தை இறக்கியபோது தலைக்கு மேலே பல்பு சிவந்தது. மெஷின் தாழ்ந்த குரலில் ஒருமுறை முனகியது. கம்பி நின்றது. ஈரத் தூள் குழலுக்குள் இறுகிக்கொண்டது. கைப்பிடியை மேலே தூக்கினேன். உளி வரவில்லை, கட்டை வந்தது. கட்டையோடு மேடைமேல் இருந்த மெஷினும் லேசாக எழுந்தது.

ஓடிப்போய் வேலியைப் பார்த்தேன். துணி இல்லை. தோட்டத்தில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் மகிழ்ச்சியாகக் கேட்டது. திரும்பி வந்தால் என் மனைவி அடுப்பிலிருந்து இட்லிப் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். இரு கையிலும் சிவப்புத் துணி.

"அது சிக்னலு" என்றேன்.

"இது கரித்துணிங்க. என்னுது. பானை சுடுது."

அவள் தெரிந்து எடுத்தாளா, தெரியாமல் எடுத்தாளா என்று நான் பல ஆண்டுகளாக யோசித்திருக்கிறேன். இரண்டு பக்கமும் வாதங்கள் இருக்கின்றன. தெரிந்து எடுத்தாள் என்பதற்கு நான்கு, தெரியாமல் என்பதற்கு மூன்று.

மெஷினை நிறுத்தி, திருகைத் தளர்த்தி, உளியை மெஷினிலிருந்து விடுவித்தேன். மெஷின் தப்பித்தது. உளியும் கம்பியும் மேல் சட்டத்தில் நட்டுக்கொண்டு நின்றன. பக்கவாட்டில் தட்டினால் உளியின் கூர் உடையும். அது போனால் மறுபடி பெங்களூர். நான் கட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அந்த நேரம் பார்த்து டயர் வண்டி வாசலில் வந்து நின்றது. மச்சான் உள்ளே வந்து கட்டையைப் பார்த்தார். தலைவாசலின் மேல் சட்டத்தை அவர் அப்படி எதிர்பார்த்திருக்க மாட்டார்.

"என்னங்க மாப்ள, என் நிலைக்குக் கொம்பு மொளைச்சிருக்கு."

"ஈரம் மச்சான். தொட்டி ஈரம்."

"ஈரத்துல இரும்பு மொளைக்குமா? தலைவாசல்ல ஆணிகூட இரும்புல அடிக்க மாட்டோம், மர ஆணிதான். நீங்க கடப்பாரையே வச்சிருக்கீங்க. நாளைக்குக் காலைல ஊரே வருதுங்க."

"எடுத்துருவேன்."

"எப்ப?"

என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள்.

"இந்தப் பக்கம் இன்னும் தொளை போடணும்தானே?"

"இன்னும் நாலு குத்து இருக்கு."

"அதை உளியால எடுத்துட்டா, பக்கத்துல எடம் ஆயிரும். அது தானா சாஞ்சு வந்துராதா?"

நானும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு நான் கைஉளியையும் கொட்டாப்புளியையும் தேடப்போனேன். மெஷின் வந்த பிறகு அவை இருக்குமிடம் எனக்கு மறந்துபோயிருந்தது. அவளுக்குத் தெரிந்திருந்தது, கொட்டாப்புளியால் அவள் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள்.

மீதி நான்கு குத்துக்கான இடத்தைக் கையால் தோண்டினேன். மச்சான் கட்டையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடிக்கும் பெருமூச்சு விட்டார். கடைசியில் உளி அசைந்து, சாய்ந்து, கையோடு வந்தது. கூர் உடையவில்லை. ஆனால் துளை என் பழைய ஸ்டூல் துளைகளின் உடன்பிறப்பாக வந்திருந்தது. மூன்று பக்கம் மெஷின் போட்ட சுவர், ஒரு பக்கம் என் கை. என் கைப் பக்கம் வெளியே சாய்ந்து அகன்றிருந்தது. கழுந்தைச் செருகிப் பார்த்தபோது ஓரத்தில் இடைவெளி தெரிந்தது. என் பத்துப் பைசாவை அதில் நிறுத்தினேன். நின்றது. சரியாக ஒரு காசுத் தடிமன்.

மச்சான் அதைக் கவனிக்கவில்லை. நான்கு கட்டைகளையும் பிரித்தபடியே வண்டியில் ஏற்றினார். இடத்தில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம் என்றார். என் மனைவி கவனித்திருந்தாள். அவள் மேடையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள். கிரைண்டர் எவ்வளவு இடம் எடுக்கும் என்று கண்ணால் அளந்தாள் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம். மஞ்சள் பூசிய நான்கு கட்டைகளும் தரையில் கிடந்தன. ஓட்டை மெஷின் போட்ட துளையைப் பார்க்க உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். கழுந்து உள்ளே போய்விட்டால் அப்புறம் ஒருவரும் துளையைப் பார்க்க முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெஷினின் சிறந்த வேலை முழுவதும் மரத்துக்குள்ளே போய் மறைகிற வேலை. அதனால் பூட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, வந்தவர்களையெல்லாம் முதல் மூன்று துளைகளையும் எட்டிப்பார்க்க வைத்தேன். நான்காவதின் மேல் என் துண்டைப் போட்டிருந்தேன்.

"அதுல என்னங்க இருக்குது?" என்று ஒருவர் கேட்டார்.

"அதுவும் இதே மாதிரிதாங்க" என்றாள் என் மனைவி, நான் வாயைத் திறக்குமுன்.

பூட்ட ஆரம்பித்தார்கள். கீழ்க் கட்டையில் இரண்டு கால்களும் கிண்ணென்று இறங்கின. மேல் சட்டத்தின் முதல் துளையிலும் கழுந்து இறங்கியது. நான்காவது துளைக்கு வந்தபோது அவள் முன்னே வந்தாள்.

"இருண்ணா. பொறந்தவ மஞ்சத்துணி கட்டணும்ல."

நிலையின் மேல் சட்டத்தில் நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து கட்டுவது எல்லா வீட்டிலும் உண்டு, உடன்பிறந்தவள் கட்டுவாள். ஆனால் அதை நிலை நின்ற பிறகுதான் கட்டுவார்கள்.

"அது அப்புறம்தானே?" என்றார் மச்சான்.

"அது மேல கட்டுறது. இது உள்ள வைக்கிறது. எங்க மாமியார் வூட்டுப் பக்கம் இப்படித்தான்."

என் வீட்டுப் பக்கம் அப்படி ஒரு வழக்கம் இல்லை. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காசு குடுங்க" என்று என்னிடம் கையை நீட்டினாள்.

வேறு காசு எடுக்கப்போனேன். "அது இல்ல. அந்தச் சட்டைப் பையில இருக்கறது" என்றாள்.

விளிம்பு தேய்ந்த என் பத்துப் பைசாவை எடுத்துக் கொடுத்தேன். அதை மஞ்சள் துணிக் கிழிசலில் ஒரு சுற்று சுற்றி, நான்காவது துளையில் என் கை போட்ட பக்கத்துச் சுவரோடு ஒட்டவைத்து, கழுந்து இறங்கும்வரை விரலால் பிடித்துக்கொண்டாள். மச்சான் மேலிருந்து தட்டினார். கழுந்து முரண்டு பிடித்து, துணியைக் கவ்வி, காசை நெருக்கி, அடிவரை இறங்கியது. மூன்று துளைகளில் எழாத ஒரு சத்தம் அதில் எழுந்தது. அவ்வளவு இறுக்கம்.

தேங்காய் உடைத்து, பால் ஊற்றி, நிலையை நிறுத்தினார்கள். கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்து முட்டுக் கொடுத்ததும் மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு கைகளாலும் நிலைக்காலைப் பிடித்து ஆட்டினார். பிறகு மறு காலை. பிறகு மேல் சட்டத்தைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். முட்டுக் கம்பு அசைந்தது, கொத்தனார் கத்தினார், மூட்டு அசையவில்லை.

"மெஷின் மெஷின்தான் மாப்ள" என்றார்.

நான் தலையை ஆட்டிவைத்தேன். நாற்பத்தெட்டில் நாற்பத்து நான்கு அதனுடையதுதானே.

திரும்பும் பஸ்ஸில் ஊர் வரப்போகும் சமயத்தில், அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன். மெஷின் அந்த மேடையிலயே இருக்கட்டும்."

"சரி."

"அந்த நாலாவது தொளையைப் பத்தி எங்கண்ணன்கிட்ட நான் ஏன் சொல்லப்போறேன்."

"சரி."

"நானும் எத்தனை நாளைக்குத்தான் சொல்லாம இருக்க முடியும்னு தெரியல."

அடுத்த வாரம் மெஷினைப் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு மாற்றினேன். மேடைக்குக் கிரைண்டர் வந்தது. பிளக்கிலிருந்து நீளமாக ஒயர் இழுத்துக்கொண்டேன். கிரைண்டர் ஓடாதபோது, பம்புசெட் ஓடாதபோது, கரித்துணி வேலியில் இருக்கும்போது நான் துளை போடலாம் என்று ஏற்பாடு. பழைய காசின் தடிமனுக்கு இன்னொரு காசு தேடி ஸ்டேஷன் டீக்கடையில் சில்லறையைக் கொட்டிப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் என்னைக் கள்ளக்காசு பிடிக்க வந்தவன் என்று நினைத்து டீயில் சர்க்கரையைக் கூடுதலாகப் போட்டார்.

மேடை உயரம் போதவில்லை என்று அவள் சொன்னதால், கிரைண்டருக்கு அடியில் வைக்க ஒரு கட்டைமணையை நான்தான் செய்தேன். நன்றாகக் காய்ந்த மரம். நான்கு கால், எட்டுத் துளை, எட்டும் மெஷின் போட்டவை. உள்ளே எவ்வளவு நேர்த்தி என்று யாருக்கும் தெரியாது. கொண்டுபோய் வைத்தேன். அவள் ஒரு கையை அதன்மேல் வைத்து அழுத்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள்.

"ஆடுதே" என்றாள்.

"மேடை சரியில்ல."

"சரி சரி" என்றாள். "மஞ்சத்துணி இருக்கு. காசு வச்சிருக்கீங்களா?"